பூட்டான் சுற்றுலா: அனுமதி பெறுவது முதல் தக்சாங் ஏறி இறங்குவது வரை முழுமையான வழிகாட்டி

பூட்டானுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் விமானச் சீட்டை முதலில் எடுத்துவிடுகிறார்கள். அனுமதி, வழிகாட்டி, ஊர்களின் வரிசை ஆகியவற்றை அதற்குப் பிறகே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த நாட்டைப் பொறுத்தவரை அது தலைகீழான வேலை. கட்டணம் இரவுக் கணக்கில் வாங்கப்படுகிறது, அனுமதி தேதிகளோடு கட்டப்பட்டிருக்கிறது, சாலைகளோ மழைக்குக் கட்டுப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். திம்புவில் இரண்டு இரவு, புனாக்காவில் ஒன்று, பாரோவில் மூன்று என்று ஆறு இரவுப் பயணத்தை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரையிலும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையிலும் வானம் தெளிந்திருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பனிமலைகள் தெரியும் வாய்ப்பு மிக அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவமழை. அப்போது எல்லையூரான புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு செல்லும் மலைச் சாலையில் மண்சரிவு ஏற்படுவது வழக்கம். நமது பள்ளிகளின் கோடை விடுமுறைக்குள் போகத்தான் முடியும் என்றால் மே முதல் பாதியோடு திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள்.

வசந்தத்தில் பாரோவிலும் இலையுதிர்காலத்தில் திம்புவிலும் ட்ஷேச்சு என்னும் முகமூடி நடனத் திருவிழா நடக்கும். தேதிகள் சந்திர நாள்காட்டிப்படி ஆண்டுதோறும் மாறுவதால், அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். திருவிழா வாரத்தில் விடுதி அறை கிடைப்பது கடினம். முதல் பயணத்தில் கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே மேல் என்பது என் கருத்து.

2. கட்டணத்தை இரவுக் கணக்கில் போடுங்கள்

பூட்டான் அரசு ஒவ்வொரு சுற்றுலாப் பயணியிடமும் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் நிலையான வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறது. எல்லோரும் இதை எஸ்.டி.எஃப். என்றே சொல்கிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு 100 அமெரிக்க டாலர், அதற்கு மேல் ஒரு முறை செலுத்தும் விசாக் கட்டணம் 40 டாலர். இரு பிரிவிலும் 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்குப் பாதி.

கணவன், மனைவி, 10 வயது மகள், 4 வயது மகன் கொண்ட ஓர் இந்தியக் குடும்பம் ஆறு இரவு தங்கினால் பெரியவர்களுக்கு 14,400, மகளுக்கு 3,600, ஆக 18,000 ரூபாய் ஆகும். இதே குடும்பம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தால் 1,500 டாலரும் விசாக் கட்டணமும் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் டாலர் கணக்கில்தான் வருவார்கள். இந்தியாவில் உள்ள உறவினர்களோடு சேர்ந்து கிளம்பும் குடும்பங்கள் இதைக் கடைசி நேரத்தில் அறிந்து திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொகைக்குள் அறையோ உணவோ வண்டியோ அடங்கவில்லை. 2022க்கு முன்பு வெளிநாட்டினருக்கு எல்லாம் உள்ளடங்கிய ஒரே நாள்தொகை இருந்ததால், அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் குழம்புகிறார்கள். விடுதி, வண்டி, வழிகாட்டி, உணவு, ஜோங்குகள் எனப்படும் கோட்டை மடங்களுக்கும் பாறை முகப்பில் உள்ள தக்சாங் மடத்துக்கும் நுழைவுச் சீட்டு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதிக் கூட்டுங்கள். கட்டண விகிதங்களை அரசு அவ்வப்போது திருத்துகிறது என்பதால் பணம் கட்டுவதற்கு முன் பூட்டான் சுற்றுலாத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்களை ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள்

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் நுழைவு அனுமதி தேவை. அதற்கு இரண்டே ஆவணங்கள் செல்லும். ஒன்று, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. மற்றொன்று, வாக்காளர் அடையாள அட்டை. ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை எதுவும் ஏற்கப்படுவதில்லை. ஆதாரை மட்டும் நம்பி எல்லை வரை வந்து நிற்பவர்களை இன்றும் காணலாம்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கடவுச்சீட்டு அல்லது ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ உடன் வர வேண்டும். சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் பெயரில்லாமல் வாங்கி வைத்த சான்றிதழை அப்படியே பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. பெயர் சேர்க்க அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தால் அதற்கே சில வாரங்கள் ஆகலாம்.

நம்மவர்களுக்கென்றே உள்ள இன்னொரு சிக்கல் முன்னெழுத்து. வாக்காளர் அட்டையில் பெயர் மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், விமானச் சீட்டில் முன்னெழுத்தோடு இருக்கும். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அனுமதி விண்ணப்பம், விமானச் சீட்டு, விடுதிப் பதிவு மூன்றிலும் அந்த ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை எழுதுங்கள். கடவுச்சீட்டை வைத்து விண்ணப்பித்துவிட்டு வாக்காளர் அட்டையோடு வந்து நிற்பதும் இதே வகைத் தவறுதான்.

4. பயண நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்

உரிமம் பெற்ற பூட்டான் பயண நிறுவனம் அனுமதி விண்ணப்பம், கட்டணம், வழிகாட்டி, வண்டி ஆகியவற்றை ஒருசேரக் கவனித்துக்கொள்ளும். தாங்களாகவே இணையத்தில் விண்ணப்பிப்பதும் இயலும். ஆயினும் முதல் முறை செல்பவர்களும் முதியோரோடு செல்பவர்களும் நிறுவனத்தின் வழியாகப் போவதையே நான் பரிந்துரைப்பேன். மலைச் சாலை மூடப்பட்டாலோ யாருக்காவது உடல்நிலை கெட்டாலோ, உள்ளூர் மொழியில் தொலைபேசியில் பேசி மாற்று ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை சில. எஸ்.டி.எஃப். தொகை விலைக்குள் அடங்கியதா, வெளியேயா? நுழைவுச் சீட்டுகள் யார் செலவு? வழிகாட்டியும் ஓட்டுநரும் இருவரா, ஒருவரே இரண்டு வேலையும் பார்ப்பாரா? சாலை மூடப்பட்டதால் கூடுதல் இரவு தங்க நேர்ந்தால் யார் கொடுப்பது? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. மழைக்காலத்தில் அதுதான் வாக்குவாதத்தில் முடியும்.

பார்க்க விரும்பும் எல்லா ஊர்களையும் விண்ணப்பத்தின்போதே கொடுத்துவிடுங்கள். திம்பு, பாரோவைத் தாண்டிச் செல்லும் சாலைகளில் சோதனைச் சாவடிகள் உள்ளன. பயணத்தின் நடுவில் புதிதாக ஓர் ஊரைச் சேர்த்தால் அனுமதிக்காக அரை நாள் அலுவலகத்தில் கழியும். வழிகாட்டிகள் ஆங்கிலம் பேசுவார்கள், பலர் இந்தியும் பேசுவார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டும் வராது என்றால், அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

5. ஊர்களை உயரத்தைப் பார்த்து அடுக்குங்கள்

திம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாரோ 2,200 மீட்டரைத் தாண்டியது. புனாக்கா 1,200 மீட்டர் அளவுதான். முதலில் திம்பு, அடுத்து புனாக்கா, கடைசியில் பாரோ என்ற வரிசையே நல்லது. திம்புவில் இரண்டு இரவு தங்கும்போது உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுகிறது. புனாக்காவின் வெதுவெதுப்பில் ஓர் இரவு நன்றாக உறங்கலாம். பயணத்திலேயே கடினமான தக்சாங் ஏற்றம் அதன் பிறகு வருகிறது.

விமானத்தில் பாரோவில் இறங்குகிறவர்களும் நேரே திம்புவுக்குப் போய்விட வேண்டும். இறங்கிய மறுநாளே தக்சாங் ஏறும் திட்டம் நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும்; முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, மீதி நாட்களை அறையிலேயே கழிக்க நேரும்.

பாரோவின் மூன்று இரவுகளுக்கும் காரணம் உண்டு. தக்சாங்குக்கு ஒதுக்கிய நாளில் மழை பெய்தால், உள்ளூரில் சுற்றிப் பார்க்கும் நாளோடு அதை மாற்றிக்கொள்ளலாம். ஊர் திரும்பும் நாளன்று மட்டும் அதை வைக்காதீர்கள். கிழக்கே உள்ள பும்தாங்கையும் இந்த ஆறு இரவுகளுக்குள் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் வண்டிக்குள் உட்கார விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

6. எல்லைக்குப் போய்ச் சேருங்கள்

சாலை வழியாகச் செல்வோருக்கு அருகிலுள்ள விமான நிலையம் பாக்டோக்ரா. பெரிய ரயில் நிலையம் நியூ ஜல்பைகுரி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் விரைவு வண்டி கோவை, ஈரோடு, சேலம் வழியாக நியூ ஜல்பைகுரிக்குப் போகிறது. அங்கிருந்து இந்தியப் பக்கத்து எல்லையூரான ஜெய்காவுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். ஹாசிமாராவில் நிற்கும் ரயில் கிடைத்தால் அங்கிருந்து ஜெய்காவ் 20 கிலோமீட்டருக்குள்தான். நீண்ட தூர வண்டிகள் தாமதமாகும் என்பதால், வந்து சேரும் நாளிலேயே மலையேறத் திட்டமிடாமல் எல்லையில் ஓர் இரவு தங்குங்கள். எல்லையூரில் 24 மணி நேரத்துக்குள் தங்குவதற்கு எஸ்.டி.எஃப். கிடையாது.

காலையில் வழிகாட்டி உங்களைக் குடிவரவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வார். ஆவணத்தின் அசலோடு இரண்டு நகல்களையும் கையில் வைத்திருங்கள். வண்டியின் கூரையில் கட்டிய பெட்டிக்குள் வாக்காளர் அட்டையை வைத்துவிட்டு எல்லோரையும் காத்திருக்கச் செய்யும் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அனுமதித் தாளில் பெயர், தேதி, ஆவண எண் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஊருக்கு மேலே ரிஞ்செண்டிங் சாவடியில் அதைச் சரிபார்ப்பார்கள். கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். பூட்டான் நேரம் அப்படி.

அங்கிருந்து திம்பு ஐந்தாறு மணி நேரம். வளைவுகள் ஓயாது வருவதால் வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாதீர்கள். வாந்திக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு.

விமானத்தில் செல்வோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பாரோவில் விமானிகள் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்தே இறக்குகிறார்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும். மேகமோ காற்றோ மிகுந்தால் விமானம் தாமதமாகும் அல்லது மறுநாளுக்குத் தள்ளிப்போகும். எனவே திரும்பும் வழியில் கொல்கத்தாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ சென்னைக்கு அதே நாளில் இணைப்பு விமானம் எடுக்காமல், மறுநாள் காலைக்கு எடுங்கள்.

7. பணமும் மூட்டையும்

பூட்டானின் நாணயமான நகுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. கடைகளில் நமது நோட்டுகளை வாங்கிக்கொள்வார்கள், 100 ரூபாய் நோட்டுக்கு எங்கும் தடையில்லை. 100க்கு மேற்பட்ட மதிப்புள்ள நோட்டுகளை ஒருவர் 25,000 ரூபாய் வரை மட்டுமே இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லலாம். பீம் யு.பி.ஐ. 2021 முதல் அங்கே செல்லும். ஆனால் மலையடிவாரக் கடையிலும் கோயில் வாசலிலும் அதை நம்பிப் போகக் கூடாது, சில்லறை வேண்டும்.

துணிகளில் முக்கியமானது முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும். ஜோங்குகளில் கணுக்கால் வரை மறைய வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். புடவையும் சுடிதாரும் தடையின்றிச் செல்லும், அரைக்கால் சட்டைக்குத்தான் வாசலில் தடை. வழிபாட்டு அறைகளில் செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதாலும் மரத்தரை குளிர்ந்திருப்பதாலும் கனமான காலுறை இரண்டு சோடி தேவை. புகையிலை கொண்டுசெல்வோர் எல்லையில் தெரிவித்து வரி கட்ட வேண்டும். பொது இடத்தில் புகைக்கக் கூடாது.

உணவைப் பற்றி ஒரு சொல். அங்கே மிளகாய் காய்கறியாகவே சமைக்கப்படுகிறது. எம தட்ஷி என்பது பாலாடைக்கட்டியில் வேகவைத்த மிளகாய்தான். காரத்துக்குப் பழகிய நமக்கே முதல் வாயில் நெற்றி வியர்க்கும். உருளைக்கிழங்கு போட்ட கேவ தட்ஷி பிள்ளைகளுக்கு ஏற்றது. சைவ உணவு எங்கும் கிடைக்கும், முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.

8. திம்பு: மாலையை ஜோங்குக்கு வையுங்கள்

தாஷிச்சோ ஜோங்கில் அரசு அலுவலகங்கள் இயங்குவதால் வார நாட்களில் அலுவலகம் முடிந்த பிறகு, மாலையில்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள். ஆகவே காலையில் தேசிய நினைவுச் சோர்ட்டென் (பௌத்தத் தூபி), குன்றின் மேலுள்ள புத்தர் தோர்தென்மா சிலை, மோத்திதாங்கில் உள்ள தாகின் என்னும் விலங்கின் காப்பகம் என்று முடித்துக்கொண்டு, மாலை முழுவதையும் ஜோங்குக்கு ஒதுக்குங்கள். சோர்ட்டென்களை வலமாகவே சுற்ற வேண்டும். நமக்கு அது பழக்கமானதுதான் என்றாலும், படம் எடுக்கும் அவசரத்தில் எதிர்த்திசையில் நடப்பவர்கள் நம்மவர்களாகவே இருக்கிறார்கள்.

ஜோங் வாசலுக்குச் சற்று முன்பே வழிகாட்டி வண்டி இருக்கையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து உதறி, இடது தோளிலிருந்து குறுக்காகப் போர்த்தி, கோ என்னும் மரபு உடையின் சட்டை மடிப்பைச் சரிசெய்து, முழங்கால் வரையுள்ள காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வார். அந்தக் கப்னே இல்லாமல் அவரே உள்ளே போக முடியாது. நீங்களும் அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்து, கைமடிப்பை இறக்கிவிட்டால் வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். முற்றத்தில் படம் எடுக்கலாம், வழிபாட்டு அறைக்குள் கூடாது. இந்த விதி நாடெங்கும் ஒன்றே.

9. தோச்சுலா வழியாகப் புனாக்கா

திம்புவிலிருந்து காலை எட்டு மணிக்குள் கிளம்பினால், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரமுள்ள தோச்சுலா கணவாயை மேகம் மூடுவதற்கு முன் அடையலாம். அங்கே 108 சோர்ட்டென்கள் வரிசையாக நிற்கின்றன. வானம் திறந்திருந்தால் பின்னால் பனிமலைகள் தெரியும். பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை மூட்டத்தைத்தான் படம் எடுத்துச் செல்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி உறைந்து சாலை வழுக்கும்.

போச்சு, மோச்சு ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கும் புனாக்கா ஜோங்குக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். பயண நிறுவனங்கள் ஒரு மணி நேரம் போதும் என்று அட்டவணை போடும். எனக்கு இந்த நாட்டிலேயே மிக அழகிய கட்டடமாக இதுதான் படுகிறது. நுழைவாயிலின் மரப்படிகள் செங்குத்தானவை என்பதால் மூட்டுவலி உள்ளவர்களைக் கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.

வயல் வரப்புகளின் வழியே அரை மணி நேரம் நடந்து செல்லும் சிமி லாகாங், பிள்ளை வரம் வேண்டுவோரின் கோயில். வழியில் உள்ள ஊரின் சுவர்களிலும் கடைகளிலும் ஆண்குறி ஓவியங்கள் வெளிப்படையாக இருக்கும். அது அங்கே தீமையை விரட்டும் சின்னம். மாமியாரோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் செல்பவர்கள் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

10. பாரோவும் தக்சாங் ஏற்றமும்

பாரோவின் முதல் நாளில் ரின்புங் ஜோங், அதற்கு மேலே தா ஜோங்கில் உள்ள தேசிய அருங்காட்சியகம், பழமையான கியிச்சு லாகாங் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள செலேலா கணவாயைத் தக்சாங்குக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். தலைவலியோடு திரும்பினால் மறுநாள் ஏற்றம் கெட்டுவிடும்.

தக்சாங் மடம் 3,120 மீட்டர் உயரத்தில் பாறை முகப்பில் ஒட்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் ஏற வேண்டும். காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி வழியைக் கடந்துவிடலாம் என்பது ஒரு காரணம். மதிய உணவு நேரத்தில் மடம் அடைக்கப்படுவது மற்றொன்று. நுழைவுச் சீட்டை அடிவாரத்திலேயே வாங்க வேண்டும். மேலே விற்பதில்லை, அங்கிருந்து சீட்டுக்காக இறங்கி வர யாராலும் முடியாது. ஊன்றுகோலும் அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ஏறுவதைக் காட்டிலும் இறங்கும்போது முழங்காலுக்கு அது உதவும் என்பதால் இளைஞர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

பாதி வழியில் சிற்றுண்டிச் சாலை ஒன்று இருக்கிறது. அங்கிருந்தே மடம் நன்றாகத் தெரியும். மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல் இவற்றில் ஏதேனும் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். குதிரை ஏற்றத்தின் முதற்பகுதிக்கு மட்டுமே. கடைசிப் படிகளுக்கும் இறக்கத்துக்கும் கிடையாது. குதிரையை நம்பிப் பெரியவர்களை அழைத்துச் செல்வோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எதிரே மடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் காட்சி முனையை அடைந்ததும் வந்துவிட்டோம் என்று தோன்றும். உண்மையில் அங்கிருந்து படிக்கட்டு ஓர் அருவியின் பாலத்துக்கு இறங்கி, மறுபக்கம் மீண்டும் ஏறுகிறது. மொத்தம் 700க்கும் மேற்பட்ட படிகள். திரும்பும்போதும் அதே படிகளை ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துத் தண்ணீரையும் கால் வலிமையையும் மிச்சம் வையுங்கள். மட வாசலில் பை, கைப்பேசி, கேமரா அனைத்தையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். ஏறி இறங்க மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஆகும். அன்று மாலைக்கு வேறெதுவும் வைக்காதீர்கள்.

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். உயர மாற்றத்துக்கான மாத்திரையை அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று போட்டுக்கொள்ளக் கூடாது.

11. திரும்பும் வழி

பாரோவிலிருந்து எல்லைக்கு இறங்குவோர் திம்புவுக்குப் போக வேண்டியதில்லை. சுசோம் சந்திப்பில் நேராகப் புன்ட்ஷோலிங் சாலையைப் பிடிக்கலாம். காலையிலேயே கிளம்பினால் மாலைக்குள் எல்லையைக் கடந்து இரவு ரயிலைப் பிடிக்க வாய்ப்புண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்புக் கொடுப்பதானால் குழுவாகச் சேர்த்து, இருவருக்கும் தனித்தனி உறையில், எல்லைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அங்கே இறங்கிய பிறகு எல்லோருக்கும் அவசரம்தான். வெளியேறும்போது குடிவரவுப் பதிவை முடிக்காமல் கூட்டத்தோடு வாயிலைக் கடந்துவிடாதீர்கள். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது பழைய பதிவு திறந்தே நிற்கும். கையில் மிஞ்சிய நகுல்ட்ரம் நோட்டுகளைப் புன்ட்ஷோலிங்கிலேயே செலவழித்தோ மாற்றியோ விடுங்கள். ஜெய்காவ் கடைகளில் வாங்குவார்கள், நியூ ஜல்பைகுரி நிலையத்துத் தேநீர்க் கடையில் வாங்க மாட்டார்கள்.